"ஆபத்தாயிற்றே?": மாற்றுத்திறனாளிகளின் வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாற்றுத்திறனாளிகளை வேலையில் அமர்த்தும் சமூகப் பணியாளராகப் பல ஆண்டுகளாக இருக்கிறேன். கேள்வி கேட்டு வருகிறவர்கள் நான்கு வகை: முதலாளி, பெற்றோர், வேலை தேடுகிறவர், சமூகப்பணி படிக்கிற மாணவர். யாரிடம் பேச்சு தொடங்கினாலும் கால்மணி நேரத்தில் "ஆபத்து" என்ற சொல் வந்துவிடும். சில நேரம் அது உண்மையான ஆபத்து. பல நேரம் "வேண்டாம்" என்பதை முகம் கோணாமல் சொல்வதற்கான சொல். இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவட்டும் என்று, திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு வைத்தால் விபத்து கூடாதா?

இதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆள் பற்றாக்குறை வந்தபோது அமெரிக்கத் தொழிற்சாலைகள் உடற்குறை உள்ளவர்களைப் பெருமளவில் வேலைக்கு எடுத்தன. பிறகு அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம், ஒரே வகை வேலை செய்யும் உடற்குறை உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஆயிரக்கணக்கில் ஒப்பிட்டு 1948-இல் முடிவை வெளியிட்டது. காயம்படுவதிலும் சரி, உற்பத்தியிலும் சரி, சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை.

எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு எதற்கு என்றால், உங்கள் நிறுவனத்தின் விபத்துப் பதிவேட்டையே புரட்டிப் பாருங்கள். ஈரத்தரையில் வழுக்கியவர், காப்பு மூடி கழற்றிய இயந்திரத்தில் கை கொடுத்தவர், இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்த்துத் தூங்கி விழுந்தவர் என்றுதான் வரிசை போகும். இவர்களில் எத்தனை பேரிடம் மாற்றுத்திறனாளி அட்டை இருந்தது?

ஆபத்தைக் காரணம் காட்டி வேலை மறுக்கச் சட்டம் இடம் தருகிறதா?

மிகக் குறுகலான இடம்தான் தருகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3-ஆம் பிரிவின்படி, குறைபாட்டைக் காரணமாக வைத்து யாரையும் வேறுபடுத்தி நடத்தக் கூடாது. அப்படி நடத்தியது நியாயமான ஒரு நோக்கத்துக்காக, அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவோடு எடுத்த நடவடிக்கை என்று காட்டினால் மட்டுமே விலக்கு உண்டு. "எங்களுக்குப் பயமாக இருக்கிறது" என்பது காட்டுவது ஆகாது. எந்த இயந்திரம், எந்த அசைவு, என்ன நேரும், அதைத் தடுக்க என்ன செய்து பார்த்தீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய சுமை ஆகாத மாற்றங்களைச் செய்து கொடுப்பதைச் சட்டம் எதிர்பார்க்கிறது. எழுதும்போது கைத்தசை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு உள்ள ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் தனக்காக எழுத ஓர் ஆள் கேட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்புச் சொன்னது. அவருக்கு 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று இல்லை. ஆனாலும் உதவியாளர் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்றது நீதிமன்றம். இட ஒதுக்கீட்டுக்குத்தான் 40 சதவீதக் கோடு. ஒரு நாற்காலியை மாற்றிப் போடுவதற்கு அந்தக் கோடு தேவையில்லை.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமா? அப்படியானால் சமவாய்ப்புக் கொள்கை என்று ஒன்றை எழுதி, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியிடங்கள், தேர்வு முறை, பயிற்சி, வசதிகள் ஆகியவற்றை அதில் குறிப்பிட்டு வெளியிட்டிருக்க வேண்டும். நான் கேட்கும்போது அநேகமாக அப்போதுதான் அதைத் தேட ஆரம்பிக்கிறார்கள்.

சரி, ஆபத்தை மதிப்பிடுவது எப்படி?

முதலில் அந்த ஆளைக் கேளுங்கள். சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நான் பார்த்த மதிப்பீட்டுத் தாள்களில் பாதி, சம்பந்தப்பட்டவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது எழுதப்பட்டவை.

அடுத்து, அவரோடு ஒரு முழு நாள் நடங்கள். பஸ் இறங்கும் இடத்திலிருந்து தொடங்கி கழிப்பறை, சாப்பாட்டு இடம், ஷிப்ட் முடிந்து வெளியேறும் நெரிசல் வரை. மேசையில் உட்கார்ந்து எழுதினால் இயந்திரம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் காது கேளாத பெண்கள் நான்கு பேரைத் தையல் பிரிவில் சேர்க்கப் போயிருந்தேன். முதலாளி நல்ல மனிதர், மெய்யாகவே கவலைப்பட்டார். "தீப்பிடித்தால் மணி அடிப்போம். இவர்களுக்குக் கேட்காதே?" என்றார். மணியை ஒருமுறை அடித்துக் காட்டச் சொன்னேன். அறுபது தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. காவலாளி வெளியே அடித்தார். உள்ளே ஒரு தலையும் நிமிரவில்லை. கேட்கும் காதுள்ள எவருக்கும் அது கேட்கவில்லை, எனக்கும்தான். அந்த வாரமே தையல் கூடத்தில் இரண்டு சுழல் விளக்குகளும் கழிப்பறைப் பக்கம் ஒன்றும் மாட்டி, மணியோடு இணைத்தார்கள். கழிப்பறை விளக்கைக் கேட்டு வாங்கியது அந்த நால்வரில் ஒருவர். "மற்ற இடத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் ஓடுவதைப் பார்த்து நானும் ஓடிவிடுவேன், அங்கே மட்டும்தான் தனியாக இருப்பேன்" என்று சைகையில் சொன்னார். என் பட்டியலில் கழிப்பறை இல்லை.

சக்கர நாற்காலி பயன்படுத்துகிறவர் மாடியில் வேலை செய்தால், தீ நேரத்தில் லிப்ட் ஓடாது என்பதை நினைவில் வையுங்கள். இறக்கிக் கொண்டுவர ஒவ்வொரு ஷிப்டிலும் இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமித்து, ஒத்திகையும் பார்க்க வேண்டும். "யாராவது தூக்கிவிடுவார்கள்" என்று எழுதிய தாளை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

தாளில் வழக்கமாக மூன்று பத்திகள் இருக்கும்: என்ன நேரலாம், நேர எவ்வளவு வாய்ப்பு, என்ன செய்யப் போகிறோம். நான் நான்காவதாக ஒன்று சேர்ப்பேன்: இந்த வேலையைக் கொடுக்காவிட்டால் இவர் எதை இழக்கிறார்? அந்தப் பத்தி காலியாக இருந்தால் மற்ற மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்துவிடும்.

வலிப்பு வரும் ஒருவரை வேலைக்கு வைக்கலாமா?

வைக்கலாம். ஏணி, சாரம், மூடாத தண்ணீர்த் தொட்டி, திறந்த அடுப்பு, காப்பில்லாத சுழல் இயந்திரம், வாகனம் ஓட்டுதல் ஆகியவற்றைத் தவிர்த்தால் மிச்சம் நிறைய வேலைகள் இருக்கின்றன. தூக்கம் கெடுவது பலருக்கு வலிப்பைத் தூண்டும். அதனால் மாறி மாறி வரும் இரவு ஷிப்ட் வேண்டாம். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, கடைசியாக எப்போது வந்தது, வருவதற்கு முன் அறிகுறி தெரியுமா என்று அவரிடமே கேளுங்கள்.

பயிற்சி முக்கியமாகத் தேவைப்படுவது சுற்றியிருப்பவர்களுக்கு. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிக்க இன்றும் நான்கு பேர் ஓடுகிறார்கள். அது எதையும் நிறுத்தாது. வாயில் கரண்டியோ துணியோ வைக்கக் கூடாது, கையைக் காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது, தண்ணீர் புகட்டக் கூடாது. தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைத்து, பக்கத்தில் இருக்கும் கூரான பொருட்களை நகர்த்தி, இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. இவ்வளவையும் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு. அவனைத் தனியாகப் பஸ்ஸில் அனுப்பச் சொல்கிறீர்களே, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

அம்மாக்கள்தான் இதைக் கேட்பார்கள். அப்பாக்கள் பக்கத்தில் நின்று தலையாட்டுவார்கள்.

சென்னையில் இருபத்தாறு வயது இளைஞர் ஒருவருக்கு, பேக்கரி ஒன்றின் பெட்டி மடிக்கும் பிரிவில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து ஒரே பஸ், இறங்கி ஐந்து நிமிட நடை. முதல் மூன்று நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். பிறகு பின்சீட்டில். பிறகு அடுத்த பஸ்ஸில். பிறகு நிறுத்தத்தில் போய்க் காத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் தனியாகவே வந்து இறங்கினார். திரும்பும்போது ஏறும் நிறுத்தத்துக்கு அவர் வைத்திருந்த அடையாளம் ஒரு பெட்ரோல் பங்க்.

ஒரு மாதம் கழித்து மெட்ரோ ரயில் வேலைக்காகத் தடுப்பு வைத்து அந்த நிறுத்தத்தை இருநூறு மீட்டர் தள்ளிப் போட்டார்கள். அவர் பங்க் எதிரிலேயே மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்கு மேலும் நின்றுகொண்டிருந்தார். பஸ்கள் எல்லாம் நிற்காமல் போயின. வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய அட்டை சட்டைப்பையிலேயே இருந்தது. அதை எடுத்து ஒருவரிடம் நீட்ட நான் பழக்கியிருக்கவில்லை. பூ விற்கும் அம்மா ஒருவர், "என்ன தம்பி, அப்போதிருந்து நிற்கிறாயே" என்று கேட்டு, அட்டையைப் பார்த்து வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

தவறு என்னுடையது. வழியைச் சொல்லிக் கொடுத்தேன், வழி தவறினால் என்ன செய்வது என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு யாருக்குப் பயணம் பழக்கினாலும் கடைசி இரண்டு நாட்களை வேண்டுமென்றே தவறுவதற்கு ஒதுக்குகிறேன். ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்குவது, கடைக்காரரிடம் அட்டையை நீட்டுவது, "என் பஸ் வரவில்லை" என்று நடத்துநரிடம் சொல்வது. அந்த இளைஞரின் அம்மா என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. மகனை வேலைக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை.

ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர் 1972-இல், ஆபத்தை எதிர்கொள்வதிலும் ஒரு கண்ணியம் இருக்கிறது, அதை அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடமிருந்து பறிக்கிறோம் என்று எழுதினார். சமூகப்பணி வகுப்புகளில் அந்தச் சொற்றொடரை மனப்பாடம் செய்கிறோம். பங்க் எதிரில் நிற்கும் இரண்டு மணி நேரத்தை அது சுலபமாக்குவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

முதலில் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குப் போவதுதானே முறை?

நம் ஊர்ப் பயிற்சி மையங்களில் மெழுகுவத்தி, காகித உறை, பினாயில், கால்மிதி தயாரிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். பத்து ஆண்டு மெழுகுவத்தி ஊற்றிய ஒருவருக்கு மெழுகுவத்திக் கம்பெனியில் வேலை கிடைத்து நான் பார்த்ததில்லை. "இன்னும் தயாராகவில்லை" என்ற வரியோடு ஆண்டறிக்கை மட்டும் புதிதாகிக்கொண்டே இருக்கும்.

எனக்கு நம்பிக்கை உள்ள முறை தலைகீழானது: வேலையில் அமர்த்திவிட்டு, அந்த இடத்திலேயே பழக்குவது. 1970-களில் மார்க் கோல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பதினைந்து பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக் கொடுத்துக் காட்டினார். ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பார். ஆள் ஒரு படியில் நின்றுவிட்டால் குறையை அவரிடம் தேடாமல், கற்றுக்கொடுக்கும் விதத்தை மாற்றுவார்.

அதே பேக்கரியில் கேக் பெட்டி மடிப்பதை ஒன்பது படிகளாக எழுதினேன். நம் இளைஞர் ஆறாவது படியில் நின்றார். காதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் அட்டையை எந்தப் பிளவில் செருகுவது என்று பிடிபடவில்லை. நான் நான்கு நாள் விதவிதமாகச் செய்து காட்டினேன். ஐந்தாம் நாள் பக்கத்து மேசையில் இருந்த பெண், தன் பையிலிருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, காதில் ஒன்றும் பிளவின் ஓரத்தில் ஒன்றுமாக ஒட்டினார். சிவப்பும் சிவப்பும் சேர வேண்டும், அவ்வளவுதான். மூன்று வாரத்தில் பொட்டு தேவைப்படவில்லை. ஜாப் கோச், அதாவது வேலையிடத்திலேயே பழக்கிவிடுபவர், என்று சம்பளம் வாங்குவது நான்.

கடுமையான மனநோயிலிருந்து மீள்பவர்களுக்கும் இது பொருந்துகிறது. 1990-களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் வளர்த்தெடுத்த முறையில், வேலை வேண்டும் என்று விரும்புவது ஒன்றே தகுதி. வேலை தேடல் உடனே தொடங்கும், உதவி வேலைக்குள்ளும் தொடரும். பல நாடுகளில் நடந்த ஒப்பீடுகளில், முதலில் பயிற்சி என்ற பழைய முறையைவிட இதில்தான் அதிகம் பேர் வேலைக்குப் போனார்கள்.

பயிற்சிக் காலம் என்று சொல்லி ஊக்கத்தொகை மட்டும் கொடுக்கிறார்கள். எத்தனை நாள் பொறுக்கலாம்?

சேரும்போதே தேதி எழுதி வாங்குங்கள். தேதி இல்லாத பயிற்சி, குறைந்த கூலிக்கு வைத்த இன்னொரு பெயர். 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே, மாற்றுத்திறனாளிகளின் கூலிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அறிவிக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணத்தின் வாசனை இன்னும் போகவில்லை. சம்பளம் அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போகட்டும், அண்ணன் கணக்குக்கு வேண்டாம்.

மனநோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். முதலாளியிடம் சொல்லியே ஆக வேண்டுமா?

அரசுப் பணியில் ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தால் சான்றிதழ் காட்டித்தான் ஆக வேண்டும். 2016 சட்டம் ஒதுக்கீட்டை மூன்றிலிருந்து நான்கு சதவீதமாக உயர்த்தியபோது, மனநோய், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு ஆகியவையும் அதற்குள் வந்தன.

மற்றபடி முடிவு உங்களுடையது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, உங்கள் நோய் விவரத்தை ரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. உங்களுக்காகப் பேசும் சமூகப் பணியாளரும் உங்கள் சம்மதம் இல்லாமல் வாய் திறக்கக் கூடாது. நான் சொல்லும் வழி: நோயின் பெயரை விட்டுவிட்டுத் தேவையைச் சொல்லுங்கள். "காலையில் மாத்திரையின் மயக்கம் இருக்கும், பத்து மணி ஷிப்ட் கொடுங்கள்" என்றால் மேற்பார்வையாளருக்குப் புரியும். நோயின் பெயரைச் சொன்னால் அவருக்குச் சினிமாதான் நினைவுக்கு வரும்.

வேலையில் இருக்கும்போதே கால் போய்விட்டது, பார்வை போய்விட்டது என்றால்?

அரசு நிறுவனமாக இருந்தால் உங்களை வெளியேற்றவோ பதவி இறக்கவோ முடியாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால், அதே சம்பள விகிதத்தில் வேறு பணி. அதுவும் இல்லையென்றால், பொருத்தமான இடம் வரும்வரை அல்லது ஓய்வு பெறும்வரை கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி வைத்திருக்க வேண்டும். இது 2016 சட்டத்தின் 20-ஆம் பிரிவு. முந்தைய 1995 சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு இருந்தது. பணியில் காயமடைந்து காலை இழந்த குணால் சிங் என்ற காவலரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-இல் அதை உறுதி செய்தது. மருத்துவக் காரணத்தால் விருப்ப ஓய்வு கேட்கிறேன் என்று யாராவது எழுதித் தரச் சொன்னால், கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்து விசாரியுங்கள்.

தனியாரில் இந்தப் பிரிவு இல்லை. வேலையில் நேர்ந்த காயம் என்றால் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டின் ஊனப் பயன், ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்குச் சட்டப்படியான தொழிலாளர் இழப்பீடு. ஈ.எஸ்.ஐ. சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 என்பதும் பல கணக்காளர்களுக்குத் தெரிவதில்லை.

பெண் பிள்ளையை வேலைக்கு அனுப்பவே பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. தொடுவதில் எது சரி, எது சரியில்லை என்று சொல்லிக் கொடுக்காமல், "பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும்" என்று மட்டும் இருபது வருடம் பழக்கியிருக்கிறோம். வேலைப் பயிற்சியின் முதல் பாடமே "முடியாது" என்று சொல்வதாக இருக்க வேண்டும், அதுவும் வீட்டிலிருந்து. அம்மாவிடம் "இந்தச் சட்டை வேண்டாம்" என்று சொல்ல விடாத பெண்ணால் மேற்பார்வையாளரிடம் சொல்ல முடியாது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013 சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் மனநிலை காரணமாகத் தாமே புகார் கொடுக்க முடியாவிட்டால், உறவினர், தோழி, சிறப்புக் கல்வி ஆசிரியர், மனநல மருத்துவர் போன்றோர் கொடுக்க விதிகளில் வழி இருக்கிறது. வேலையில் சேர்க்கும் நாளிலேயே அந்தக் குழுவின் தலைவியை நேரில் காட்டிவிடுங்கள். சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் படிக்கத் தெரியாதவர்களும் முகத்தை அடையாளம் வைத்துக்கொள்வார்கள்.

எனக்குப் பார்வை இல்லை, எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்கிறேன். களப்பணியில் மக்களை வீட்டுக்குப் போய்ப் பார்க்க அனுப்பாமல் அலுவலகத்திலேயே உட்கார வைக்கிறார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்காகப் பாடுபடுவதாகப் பலகை வைத்திருக்கும் இடங்களிலும் இது நடக்கிறது என்பதுதான் எரிச்சல். வீடுகளுக்குப் போவது எல்லோருக்கும் ஆபத்துதான்: கட்டியிருக்காத நாய், குடித்திருக்கும் கணவர், இருட்டுப் படிக்கட்டு. அதற்காகத்தான் முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டுப் போவது, முதல் தடவை இருவராகப் போவது, திரும்பியதும் அழைத்துச் சொல்வது என்று நடைமுறைகள் இருக்கின்றன. அவற்றை எல்லா மாணவர்களுக்கும் வையுங்கள் என்று கேளுங்கள். வீட்டு வரைபடம் குறிப்பது போன்ற ஒன்றிரண்டு வேலைகளுக்கு மட்டும் உடன் வரும் மாணவரின் கண் தேவைப்படலாம். அதை எழுத்தில் கேளுங்கள். பேச்சில் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள்.

2016 சட்டத்தின் 47-ஆம் பிரிவு, மருத்துவர், செவிலியர், சமூக நல அலுவலர், அங்கன்வாடிப் பணியாளர், பொறியாளர் என்று பலரின் படிப்பிலும் மாற்றுத்திறன் ஒரு பாடமாக இடம்பெற வேண்டும் என்கிறது. உங்கள் துறையில் அது எத்தனை மணி நேரம் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆபத்தை ஏற்க அனுமதித்து ஏதாவது நடந்தால், சமூகப் பணியாளர் மாட்டிக்கொள்ள மாட்டாரா?

இளையவர்கள் தனியாக வந்து தணிந்த குரலில் கேட்கும் கேள்வி. எழுதி வைத்தவர் மாட்டிக்கொள்வது குறைவு. யார் யாரிடம் பேசினோம், அவர் என்ன விரும்பினார், எந்த எந்த வழிகளை யோசித்தோம், ஏன் இதைத் தேர்ந்தெடுத்தோம், எப்போது மறுபடி பார்ப்போம் என்று அன்றைக்கே தேதியோடு எழுதுங்கள். மூத்தவர் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். முடிவு தவறாகப் போகலாம், யோசித்த தடம் இருக்க வேண்டும்.

ஆபத்தே வேண்டாம் என்று ஒதுங்குவதும் ஒரு முடிவுதான், அதற்கும் பொறுப்பு உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்து, மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். ஓடிவிடக் கூடாது, தங்களையோ பிறரையோ காயப்படுத்தக் கூடாது என்றுதான் அவர்களைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். என் மாணவர்களுக்கு ஆபத்து மதிப்பீட்டு வகுப்பை அந்தக் கொட்டகையிலிருந்துதான் தொடங்குவேன்.

வேலையில் சேர்த்துவிட்டு நீங்கள் எப்போது விலகுவீர்கள்?

முதல் வாரம் முழு நாளும் இருப்பேன். இரண்டாம் மாதத்தில் வாரம் ஒரு நாள். ஆறு மாதத்துக்குப் பிறகு தொலைபேசி மட்டும். ஆனால் மூன்று விஷயங்கள் மாறினால் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்: மேற்பார்வையாளர், இயந்திரம், பஸ் நிறுத்தம்.